நொச்சி மதிலும் நுழையாத சட்டமும்

அம்பத்தூரில் நாம் குடியிருக்கும் தெருவில் கிணறுள்ள வீடுகள் இன்று நான்கே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று நம்முடையது. சில ஆண்டுகளுக்கு முன் கொசுப்புழு தேடி வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர் அக்கிணற்றில் ஒரு குவளை மீன்குஞ்சுகளை விட்டுச் சென்றார். கம்பூசியா எனப்படும் அம்மீன்கள் நீரின் மேற்பரப்பிலேயே உலவிக் கொசுப்புழுக்களை உண்பவை. காலையில் பல் துலக்கியபடி அவற்றை எட்டிப் பார்ப்பது நமக்கு வழக்கமாயிற்று.

ஓர் ஐப்பசியில், இரண்டு நாள் மழை ஓய்ந்த காலையில், அம்மீன்கள் யாவும் வயிறு மேலாக மிதந்தன.

காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெரியவர் மழைக்கு முந்திய வாரம் பொது மதிலை ஒட்டிக் குழியிட்டுக் கறையான் மருந்து ஊற்றியிருந்தார். உரக்கடையில் வாங்கிய குளோர்பைரிபாஸ். மீன்களுக்கு அது கொடிய நஞ்சு. மண்ணில் ஊறிய மருந்தை மழைநீர் கிணற்றுக்குக் கொண்டு சேர்த்தது என்பதில் அவருக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவர் கலங்கிப் போனார். "தம்பி, நிலைக்கதவையே தின்னுடுச்சு. வேற என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார். அவரைக் குறை சொல்லும் தகுதியும் நமக்கு இருக்கவில்லை. நம் புத்தக அலமாரியின் பின்சுவரில் அதே மருந்தை, அதே கடையில் வாங்கி, நாமும் ஒருமுறை பூசியிருக்கிறோம்.

குடிக்காவிட்டாலும் குளிக்கவும் துவைக்கவும் புழங்கும் நீராயிற்றே, என்ன விதி இருக்கிறது என்று அறிய இரண்டு அலுவலகங்களின் படியேறினோம். ஓரிடத்தில், கொசு என்றால் வருவோம், மருந்து எங்களுடையதன்று என்றனர். மற்றோரிடத்தில், கடைக்காரரின் உரிமம் சரியாக இருந்தால் வாங்கியவர் அதை என்ன செய்தார் என்று நாங்கள் கேட்க இயலாது என்றனர். அன்று இவ்விரு விடைகளும் தட்டிக்கழிப்பதாகவே நமக்குத் தோன்றின. பின்னர் சட்டங்களை வரிசையாக எடுத்துப் படித்தபோதுதான், இரண்டும் உண்மையென்று விளங்கிற்று. பூச்சியையும் நஞ்சையும் குறித்து இம்மண்ணில் எழுந்த விதிகளின் நூறாண்டு வரலாறு அவ்விரு விடைகளுக்குள் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மதிலும் ஏடும்

இலக்கியம் பயின்ற நமக்கு மதில் என்றதும் நொச்சி நினைவுக்கு வருவது இயல்பு. பகைவர் முற்றுகையிட, உள்ளிருந்து மதிலைக் காக்கும் மறவர் சூடும் பூ நொச்சி. தொல்காப்பியம் இதனை உழிஞைக்குள் அடக்கிற்று. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகவே வகுத்தது. புறநானூற்றில் 271, 272 ஆகிய இரு பாடல்கள் நொச்சித் திணைக்குரியவை. முன்னதைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். பின்னதைப் பாடியவர் மோசிசாத்தனார். மகளிர் இடையில் தழையாகவும், மதில் காக்கும் வீரன் தலையில் மாலையாகவும் விளங்குவதால் மரங்களிலெல்லாம் நொச்சியே காதலுக்குரியது என்பது மோசிசாத்தனாரின் துணிபு.

இப்பாடல்களுக்குச் சற்று முன்னே, 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் நமக்குக் கிடைக்கவேயில்லை. 1894-இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, கிடைத்த ஏடுகளில் அவை இல்லை. அவை எவ்வாறு மறைந்தன என்று இன்று சொல்ல வழியில்லை. ஆயினும் தமிழ் ஏடுகளின் பொதுப்பகை எது என்பதை அறிவோம். செல்லும் கறையானும் உண்டு கழித்தவை எத்தனை நூல்களோ! அப்பகையோடு நம் முன்னோர் வசம்பு, வேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றைக் கொண்டு போராடினர். அவற்றினும் மேலாக, ஏட்டை அவ்வப்போது வெளியில் எடுத்து, தூசு தட்டி, எண்ணெய் பூசி, சிதையத் தொடங்கியதும் புதிய ஏட்டில் படியெடுத்தனர். இடைவிடாத உழைப்பே அவர்களுடைய முதற் பூச்சிமருந்து. இக்கருத்தைச் சற்று நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

உழவனை நோக்கிய முதல் ஆணை: 1919

சென்னை மாகாணத்தில் வேளாண் கல்வி 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃபிளெச்சர் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அக்காலத்தில் பூச்சிமருந்து என்பது மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கலந்த குழம்பு, ஈயமும் பாசாணமும் சேர்ந்த உப்பு, புகையிலைக் கஷாயம் ஆகிய சிலவே. எனவே கையால் பொறுக்குதல், நோயுற்ற செடியைப் பிடுங்கி எரித்தல், பயிரை மாற்றுதல் ஆகியவையே பெரும்பாலும் வழிகளாக இருந்தன.

இந்நிலையில் 1919-இல் சென்னை வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் பிறந்தது. இத்துறையில் இந்திய மாகாணங்களில் எழுந்த முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று இது. ஒரு பூச்சியையோ நோயையோ களையையோ அரசு அறிவிக்கை செய்யும். அறிவித்த பகுதியில் நிலத்தை அனுபவிப்பவர், குறித்த நாளுக்குள் குறித்த வேலையைச் செய்தாக வேண்டும். பருத்தி மாறுகளைப் பிடுங்கி அழிப்பதும், புழு விழுந்த தென்னை ஓலைகளை வெட்டி எரிப்பதும் இத்தகைய வேலைகள். செய்யாதவர் நிலத்தில் அதிகாரி ஆள்விட்டுச் செய்து, செலவை அவரிடம் பெறலாம்.

இச்சட்டத்தின் உள்ளம் எளிது. உன் நிலத்தில் வளரும் பூச்சி உன் வேலியோடு நிற்காது; ஆகவே அதைப் பெருகவிடும் உரிமை உனக்கில்லை. அக்கம்பக்கம் என்னும் எண்ணமே அதன் அடித்தளம்.

வீட்டுக்குள் நுழைந்த சட்டம்: 1939

கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தபின், தேங்கிய நீர் வெறும் அழுக்கு என்ற நிலை மாறி நோயின் தொட்டிலாயிற்று. சென்னை நகரின் மலேரியாவுக்குச் சதுப்பு நிலமோ காடோ காரணமன்று. கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் தூய நீரில் வளரும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவே இங்குள்ள முதன்மைப் பகை. பகை வீட்டுக்குள்ளேயே இருந்தமையால் சட்டமும் வீட்டுக்குள் நுழைய வேண்டியதாயிற்று.

இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில், டாக்டர் தி.சே.சௌ. ராஜன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இன்றும் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் நம்மை ஆள்வது இதுவே. கொசு ஒழிப்புக்கென அதில் தனி அத்தியாயமே உண்டு. கொசு வளரும்படி நீரைத் தேக்கலாகாது. சுகாதார அலுவலர் எழுத்து வழி அறிவிப்புத் தந்தால் உரிமையாளரோ குடியிருப்பவரோ குறித்த காலத்துக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். தவறினால் அவரே செய்து செலவைப் பெறலாம். சோதனைக்காக வளாகத்துக்குள் நுழையலாம். 2017-இன் டெங்குப் பருவத்தில், தண்ணீர் தேங்கிய கட்டட வளாகங்களுக்கு அறிவிப்பும் தண்டமும் விதிக்கப்பட்டன. அவற்றின் வேர் இந்த 1939-இல் இருக்கிறது.

நீரைச் சரிசெய்யும் வழி இயல்முறையாகவோ, வேதிமுறையாகவோ, உயிரிமுறையாகவோ இருக்கலாம் என்று அன்றே எழுதி வைத்தனர். மூடியிடுவது முதல் வழி. எண்ணெய் தெளிப்பது இரண்டாவது. மீன் விடுவது மூன்றாவது. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கம்பூசியா 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்துவிட்டது. நம் கிணற்றில் வாழ்ந்து மறைந்த மீன்கள் அவ்வழி வந்தவை. ஏரிகளில் அவற்றை விட்டால் நாட்டு மீன்குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்றுவிடும் என்பதால் கிணறும் தொட்டியுமே அவற்றுக்குரிய இடம்.

வெண்பொடிக் காலம்

இரண்டாம் உலகப் போர் இக்கதையின் போக்கை மாற்றியது. டி.டி.டி.யின் கொல்லும் ஆற்றலை 1939-இல் கண்ட பால் முல்லர், 1948-இல் நோபல் பரிசு பெற்றார். விடுதலை பெற்ற ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவால் தாக்குண்டனர் என்றும் 8 இலட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஆவடியில் 1955 சனவரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்த அதே ஆண்டில், அரசின் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனம் தில்லியில் டி.டி.டி. உற்பத்தியைத் தொடங்கியது. 1965-இல் மலேரியா ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் என்ற அளவுக்குச் சுருங்கிற்று. அந்த வெற்றியைச் சிறுமைப்படுத்துவது நன்றி கொல்வதாகும்; நம்முள் பலர் பிறந்ததே அதனால்தான். ஆனால் கொசு எதிர்ப்பாற்றல் பெற்றது, பணியும் தளர்ந்தது. 1976-இல் எண்ணிக்கை 64 இலட்சமாக ஏறியது.

அந்த இருபதாண்டுகளில்தான் நம் மேற்குப் புறநகர் உருமாறிற்று. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் அமைத்துக் காஞ்சி வரதனுக்கு மலர் கொண்டு சென்றதாக வைணவ மரபு போற்றும் பூவிருந்தவல்லி, பூந்தமல்லியாகி நெடுஞ்சாலை ஊராயிற்று. ஏரிப்பாசன வயல்கள் மனைகளாயின. உழவர் ஊரில் குடிபுகுந்த தொழிலாளர் குடும்பங்கள் கிணறு தோண்டி, கழிவுத் தொட்டி கட்டி, முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டன. கொசுவும் உடன் குடியேறிற்று.

அக்கால வீடுகளில் பிளிட் பம்பு ஒன்று பரணில் இருக்கும். எறும்புக்குக் கமாக்சின் பொடியால் வாசலில் கோடு கிழிப்பர். மூட்டைப்பூச்சி மருந்துப் புட்டி, சமையலறையில் மண்ணெண்ணெய்க்கு அருகிலேயே நிற்கும். கமாக்சின் என்னும் பி.எச்.சி. 1997-இல் தடைசெய்யப்பட்டது. டி.டி.டி. 1989-இல் வேளாண்மையிலிருந்து விலக்கப்பட்டுப் பொதுச் சுகாதாரத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. நாம் சிறுவயதில் விரலால் தொட்டு விளையாடிய வெண்கோடு அது.

வாசலில் நின்ற சட்டம்: 1968

1958-இல் கேரளத்தில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. கப்பலில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தோடு சேர்ந்து வந்த கோதுமை மாவில் நஞ்சு கலந்து, அதை உண்டோரில் நூற்றுவருக்கு மேல் மாண்டனர். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1962-இல் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' அமெரிக்காவை உலுக்கியது. இங்கோ, கேரளத் துயரத்தின் தொடர்ச்சியாக 1968-இல் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், 1971-இல் அதன் விதிகளும் வந்தன.

நல்ல சட்டமே. பதிவு இல்லாமல் எந்த மருந்தையும் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது. தயாரிப்புக்கும் விற்பனைக்கும் உரிமம் வேண்டும். கூலிக்குப் பூச்சி ஒழிப்புப் பணி செய்யும் நிறுவனத்துக்கும் உரிமம் வேண்டும். புட்டியின் மேல் சாய்சதுரம் ஒன்றும் அதன் அடிப்பாதியில் வண்ணமும் இட்டாக வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் இடைப்பட்டது, பச்சை ஒப்பீட்டளவில் குறைந்தது.

ஆனால் இச்சட்டத்தின் 38-ஆம் பிரிவை வாசகர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் தம் சொந்த வீட்டுத் தேவைக்காகவோ, வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்காகவோ, தாம் பயிரிடும் நிலத்துக்காகவோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு இச்சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது என்கிறது அது.

நாம் ஏறி இறங்கிய அலுவலகத்தின் விடை இங்கேதான் பிறந்தது. நஞ்சைச் செய்பவனைப் பின்தொடர்ந்து, விற்பவனைப் பின்தொடர்ந்து, கூலிக்குத் தெளிப்பவனையும் பின்தொடர்ந்து வரும் சட்டம், நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. குடியானவர் ஒவ்வொருவரையும் ஆய்வாளர் துரத்தலாகாது என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். விளைவோ வேறு. 1919-இன் சட்டம் நம் வேலிக்குள் வந்தது. 1939-இன் சட்டம் நம் வீட்டுக்குள் வந்தது. அவ்விரண்டும் நம்மிடம் முதலில் கேட்டது உழைப்பை: பிடுங்கு, எரி, மூடு, வற்றவை. உழைப்புக்குப் பதிலாக ஒரு புட்டி வந்து சேர்ந்தபோது, அப்புட்டிக்கான சட்டம் நம்மைத் தனியே விட்டுவிட்டது.

நஞ்சைக் கவனமின்றிக் கையாண்டு பிறருக்குத் தீங்கு சூழவிடுவது 1860-இன் தண்டனைச் சட்டத்திலும் குற்றம். 2024 சூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றம். ஆனால் நிலைக்கதவைக் காக்க முயன்ற முதியவரைக் காவல் நிலையத்துக்கு இழுப்பதையா ஒரு தெரு விரும்பும்?

தடைகளின் எல்லை

இடைவெளியை நிரப்ப முயற்சிகள் நடக்காமலில்லை. 2018-இல் நடுவண் அரசு 18 மருந்துகளுக்குத் தடை அறிவித்தது. கரப்பான் பூச்சிக்கென வீடுகளில் புழங்கிய டைகுளோர்வாஸ், கொசுப்புழுவுக்குப் பயன்பட்ட ஃபென்தியான் ஆகியவை அப்பட்டியலில் இருந்தன. டைகுளோர்வாஸ் 2020 இறுதியோடு முழுமையாக விலக்கப்பட்டது. குளோர்பைரிபாஸை 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தன.

மாநில அரசின் கை இதில் எவ்வளவு குறுகியது என்பதை ஒரு நிகழ்வு காட்டும். தற்கொலைகளுக்குக் காரணமாகிறது என்பதால் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையோடு, மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் முதலான ஆறு மருந்துகளையும் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022-23-இல் முனைந்தது. அந்த ஆறுக்கும் விதிக்க முடிந்த தடை 60 நாள். 1968 சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாநிலத்துக்குத் தரும் காலம் அவ்வளவே. விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள் நீட்டலாம். மாநிலத்தின் கையே இவ்வளவு என்றால், நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் நஞ்சின்மேல் என்ன அதிகாரம் இருக்கும்! அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததும், ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியானதும் இதனை மாற்றிவிடவில்லை. உள்ளாட்சி தன் கையால் தெளிக்கும் மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். நாம் தெளிப்பதைத் தேர்ந்தெடுக்க இயலாது.

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பூச்சிமருந்து டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என வகுத்து, தனியே ஒப்படைக்கச் சொல்லின. உள்ளே இருந்த நஞ்சைக் கேள்வி கேட்காத சட்டம், காலி டப்பாவை மட்டும் பிடித்துக்கொண்டது. இருப்பினும் வீட்டார் என்னும் ஆளை நோக்கி, வேம்பாகக் கசந்தாலும், ஒரு விதி பேசியது வரவேற்கத்தக்கதே.

மாற்று என்பது யாது?

நஞ்சு வேண்டாம் எனில் வேறென்ன? இங்கேதான் நொச்சி மீண்டும் வருகிறது. 2010-களின் முற்பகுதியில் சென்னை மாநகராட்சி, நீர்வழிக் கரைகளில் வாழும் குடும்பங்களுக்குக் கொசுவை விரட்டும் செடியாக நொச்சிக் கன்று வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மதில் காத்த மரம் வீடு காக்கப் புறப்பட்டது கண்டு தமிழாசிரியர்களாகிய நாம் மகிழ்ந்தோம். ஆனால் மகிழ்ச்சி வேறு, பயன் வேறு. நொச்சி இலையின் சாறும் எண்ணெயும் புகையும் கொசுவைப் பாதிக்கின்றன என ஆய்வுகள் காட்டியுள்ளன. தொட்டியில் சும்மா நிற்கும் செடியிடம் அதே பயனை எதிர்பார்த்தல் கூடாது. அலமாரியில் நிற்கும் நிகண்டு தானே நமக்குப் பொருள் சொல்லிவிடுமா?

வேம்பின் கதை இன்னும் விரிவானது. சூடானில் 1959-இல் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாவற்றையும் மொட்டையடித்தபோது வேம்பை மட்டும் விட்டுச் சென்றதைச் செருமானிய அறிஞர் ஷ்முட்டரர் கவனித்தார். 1962-இல் பிரதானும் உடனாய்வாளர்களும் தில்லியில் வேப்பங்கொட்டைக் கரைசலால் பயிரை வெட்டுக்கிளியிடமிருந்து காத்துக் காட்டினர். வேம்பின் சாரமாகிய அசாடிராக்டினை 1968-இல் பிரித்தெடுத்தனர். அதே 1968-இல்தான் நம் பூச்சிக்கொல்லிச் சட்டமும் வந்தது என்பது தற்செயல். பின்னர் வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லி ஒன்றுக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. வந்தனா சிவா முதலானோர் எதிர்த்து வழக்காட, 2000-இல் அது நீக்கப்பட்டு, 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

காப்புரிமையை வென்றோம், பழக்கத்தை வென்றோமா? வேம்பு பூச்சியை அந்நொடியே வீழ்த்தாது. அதன் பசியைக் கெடுக்கும். தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். வெயிலில் விரைவில் சிதையும். ஆதலால் மாலையில் தெளிக்க வேண்டும், திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். 2013-14 முதல் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கிய மாடித் தோட்டப் பைகளை வாங்கிய நம் தெருவார் பலருக்கு இதைச் சொல்லித் தருவாரில்லை. முறை எளியது: 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்துத் தெளிக்கலாம். இதுவே 5 விழுக்காட்டுக் கரைசல். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பரப்பியதும், கொடுமுடி நடராஜன் செப்பம் செய்த பஞ்சகவ்யமும் இன்று பலருக்கும் தெரியும். பஞ்சகவ்யம் பயிரூக்கியே தவிர, பூச்சிக்கொல்லியன்று என்பதை மட்டும் மறவாதிருத்தல் நலம்.

இயற்கை என்றதும் தீங்கற்றது என்று எண்ணுவதும் பிழை. புகையிலைக் கஷாயத்தின் நிக்கோட்டின் கொடிய நஞ்சு. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குப் புகட்டுவது உயிருக்கே கேடு. மூடிய அறையில் எந்த இலையை எரித்தாலும் நுரையீரலுக்கு அது புகையே.

உண்மையான மாற்றுக்கு அண்மையிலேயே சான்றுண்டு. 1975-இல் புதுச்சேரியில் அமைந்த நோய்க்கடத்தி ஆய்வு மையம், 1981 முதல் 1985 வரை அந்நகரில் யானைக்கால் நோய்க் கொசுவை அடக்க முனைந்தது. நஞ்சைத் தெளிப்பதை முதன்மையாக்காமல், வடிகாலைச் சீர்செய்தல், கழிவுத் தொட்டியை மூடுதல், மீன் வளர்த்தல், மக்களைச் சேர்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றை இணைத்தது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-இல் கண்டெடுத்த பி.டி.ஐ. என்னும் நுண்ணுயிரியும் பின்னாளில் இவ்வணியில் சேர்ந்தது. கொசுப்புழுவைக் கொல்லும் அது மீனைத் தீண்டாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்தெழ ஏழு முதல் பத்து நாளாகும். ஆகவே வாரம் ஒருநாள் எல்லாத் தொட்டிகளையும் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால் போதும். தேய்க்காவிடில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உலர்ந்தே காத்திருக்கும்.

கறையானுக்கும் இவ்வாறே. கட்டடங்களைக் கறையானிடமிருந்து காக்கும் இந்தியத் தரநிலை 6313-இன் முதல் பகுதி பேசுவது மருந்தையன்று, கட்டும் முறையை. மரம் மண்ணைத் தொடாதிருத்தல், சுவரோரம் ஈரம் தேங்காதிருத்தல், விரிசல் அடைத்தல் ஆகியவை முதலில். மருந்து அடுத்த பகுதிகளில். நாம் எல்லோரும் முதற்பகுதியைத் தாண்டிக் குதித்து, இறுதிப் பகுதியைப் புட்டியில் வாங்குகிறோம். ஏடு காத்த முன்னோர் முதற்பகுதியிலேயே வாழ்ந்தனர்.

நான்கு கிணறுகளின் உடன்படிக்கை

மீன் செத்த அந்த மழைக்காலம் முழுதும் நம் கிணற்றில் கொசுப்புழு நெளிந்தது. கறையானை ஒழிக்க ஊற்றிய மருந்து, கொசுவின் பகைவனை ஒழித்தது. 1968-இன் மௌனத்தால் 1939-இன் உழைப்பு வீணாயிற்று.

பெரியவரும் நாமும் கிணறுள்ள மற்ற இரு வீட்டாரும் ஒருநாள் மாலை கூடிப் பேசினோம். எவரும் எவரையும் குற்றம் சாட்டவில்லை. வேலிக்குள்ளும் மதிலுக்குள்ளும் எந்த மருந்து ஊற்றுவதாயினும் மூன்று நாள் முன்னதாக மற்ற மூவருக்கும் சொல்வது; மதிலிலிருந்து கிணறு எட்டுமிடத்தில் ஊற்றவே ஊற்றாதிருப்பது; ஆளை அமர்த்தினால் உரிமம் கேட்பது; சிவப்பு, மஞ்சள் வண்ணமிட்ட புட்டியை வீட்டில் வாங்கி வைக்காதிருப்பது; சனிதோறும் தொட்டி கவிழ்ப்பது. இவ்வளவே. எழுதிக் கையெழுத்திடவில்லை. எந்த நீதிமன்றத்திலும் இது செல்லாது. ஆனால் 1919-இன் சட்டத்தில் இருந்த அக்கம்பக்கம் என்னும் எண்ணம், நம் தெருவில் இப்போது எழுதப்படாத விதியாக இருக்கிறது.

தெருவில் மற்ற வீடுகளில் கிணறில்லை. அவர்களுக்கு இக்கவலையும் இல்லை. எனினும் அவர்கள் ஊற்றுவதும் மழைநீர் வடிகால் வழியே எங்கோ ஓர் ஏரிக்குத்தான் போகிறது. அவர்களிடம் இன்னும் பேசவில்லை. பேச வேண்டும்.

பெரியவர் வீட்டு நிலைக்கதவை மாற்றினார். அடியில் சிமெண்டுத் திட்டு எழுப்பி, மரம் மண்ணைத் தொடாமல் நிறுத்தினார். நம் புத்தக அலமாரி இப்போது சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மாதம் ஒருமுறை நூல்களை இறக்கித் தூசு தட்டுகிறோம். முதுகு வலிக்கத்தான் செய்கிறது. கிணற்றுநீரைப் பலமுறை இறைத்து, ஒரு கோடை கழித்து, மறுபடி மீன் விட்டோம். அவை இருக்கின்றன.

பொது மதிலோரம், மருந்துக்குழி இருந்த இடத்தில், ஒரு நொச்சிப் போத்தை நட்டோம். ஆளுயரம் வளர்ந்து நீலப்பூப் பூக்கிறது. சளி பிடித்தால் இரு வீட்டாரும் இலை பறித்து ஆவி பிடிக்கிறோம். அன்பர்கள் எவரேனும் அம்பத்தூர்ப் பக்கம் வந்தால் ஒரு போத்து வெட்டித் தருகிறோம். அது தானே நின்று கொசுவை விரட்டிவிடும் என்று மட்டும் சொல்ல மாட்டோம்.